பசும்பாலும் கால்நடை மருத்துவர் சங்கமும்

1901ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் இலண்டன் மாநகரிலே காசநோய் மாநாடு ஒன்று கூடிற்று. 1882இல் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்த ஜெர்மானியப் பேரறிஞர் ராபர்ட் கோக் அங்கே பேசினார். மாட்டின் காசநோய் மனிதரைப் பற்றுவது மிக அரிது. ஆதலின் பாலையும் இறைச்சியையும் குறித்துத் தனி நடவடிக்கை வேண்டுவதில்லை என்பது அவர் கூற்று. அவையோர் திகைத்தனர்.

அப்பெரியாரை அம்மாநாட்டிலேயே மறுத்துரைத்தவர் ஜான் மக்ஃபேடியன். இலண்டன் அரச கால்நடை மருத்துவக் கல்லூரியின் தலைவர். நோயுற்ற மடியிலிருந்து கிருமி பாலில் கலக்கும். அப்பால் குழந்தைகளுக்குக் கேடாகும் என்று அவர் வாதித்தார். அரசாங்கம் விசாரணைக் குழு அமைத்தது; மக்ஃபேடியனும் அதில் ஓர் உறுப்பினர். பத்தாண்டுகள் ஆராய்ந்த அக்குழு, 1911இல் வெளியிட்ட இறுதி அறிக்கையில், மாட்டின் நோய் பால் வழியே மனிதரை, சிறப்பாகக் குழந்தைகளை, தாக்கும் என்று உறுதிசெய்தது.

உண்மை தெரிந்தால் மட்டும் போதுமா? கால்நடை மருத்துவருக்கு ஊதியம் அளிப்பவர் பண்ணைக்காரர். பாலைக் குடிக்கும் குழந்தையோ எங்கோ நகரத்தில் இருக்கிறது. 'இப்பசுவின் பாலை விற்காதீர்' என்று தனியொருவர் சொன்னால், அவர் பிழைப்பே போய்விடலாம். இந்த இக்கட்டிலேதான் சங்கத்தின் பயன் விளங்கும்.

பிரிட்டனின் தேசியக் கால்நடை மருத்துவர் சங்கம் 1882இல் தோன்றிற்று. அதனைத் தோற்றுவித்த ஜார்ஜ் ஃபிளெமிங், 1870களிலேயே மாட்டுக் காசநோய் மனிதருக்குத் தொற்றும் என எச்சரித்தவர். உலகப்போரின் நடுவே 1942இல் சங்கம், அரசாங்கத்தோடும் உழவர் சங்கத்தோடும் சேர்ந்து, மருத்துவர்கள் பால்பண்ணைகளைத் தவறாது சென்று பார்வையிடும் திட்டமொன்றை நடத்திற்று. நோய் முற்றிய பின் அழைக்கப்பட்ட மருத்துவர், நோய் வருமுன் காப்பவரானார். 1952இல் அது பிரிட்டிஷ் கால்நடை மருத்துவர் சங்கம் எனப் பெயர் மாற்றிக்கொண்டது.

1935இல் நோயற்ற மந்தைகளுக்குச் சான்றளிக்கும் திட்டம் தொடங்கிற்று. 1960இல் அது பிரிட்டன் முழுவதும் பரவிற்று. எனினும் நோய் அடியோடு ஒழியவில்லை. பின்னாளில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மீண்டும் பெருகிற்று. மாட்டு மருத்துவர்க்கென 1974இல் தனிச் சங்கம் தோன்றிற்று. இன்று காசநோய் குறித்தும், மாடுகளுக்கு அளிக்கும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் குறித்தும், அரசாங்கத்திடம் தொழிலின் கருத்தை எடுத்துரைப்பது அதுவே.

பாலைக் குடிக்கும் குழந்தை மாட்டுக்கொட்டகைக்கு வருவதில்லை. அதன் சார்பில் அங்கே நிற்பவர் மருத்துவர். அவர் அஞ்சாது பேசத் துணைநிற்பது சங்கம்.