ஆறு டெஸ்ட் ஆடிய வினோதன் – 4
வெலிங்டனில் விழுந்த ஐந்து

சென்ற வாரம் பதினான்கு பேரைத் தென்னாபிரிக்காவில் விட்டுவிட்டு வந்தோம். நிறவெறி நாடென்று உலகம் ஒதுக்கிவைத்த மண்ணில், 1982 ஒக்டோபரில் பந்துல வர்ணபுர தலைமையில் காசுக்கு ஆடப் போனவர்கள். அவர்களுக்குக் கிரிக்கெட் சபை போட்ட தடை 25 வருடம். முதல் டெஸ்ட் ஆடி ஒரு வருடமும் ஆகாத அணியில் பாதி காலி.

1983 மார்ச்சில் நியூசிலாந்தில் களமிறங்கியவர்களைப் பாருங்கள். தலைவர் துலீப் மென்டிசுக்குக் காயம். நாற்பது வயதுச் சுழற்பந்து வீச்சாளர் சோமச்சந்திர டி சில்வா தலைமையேற்றார். புதுமுகங்களில் இரண்டு தமிழர்: ஸ்ரீதரன் ஜெகநாதன், வினோதன் ஜோன். ஜோன் கொழும்பில் பிறந்த வேகப்பந்து வீச்சாளர், வயது 22. மற்றவர்களின் தடையால்தான் வாசல் திறந்தது, மறுக்க முடியாது. ஆனால் விக்கெட்டை எவரும் தானமாகத் தருவதில்லை.

கிறைஸ்ட்சேர்ச்சில் இன்னிங்ஸ் தோல்வி. அடுத்து, காற்றுக்குப் பேர்போன வெலிங்டன். இலங்கை 240 எடுத்தது. பதிலுக்கு ஆடவந்த நியூசிலாந்தை ஜோன் குடைந்தெடுத்தார்: 60 ஓட்டங்களுக்கு ஐந்து விக்கெட். 201க்கு எல்லோரும் வெளியே. முன்னிலை 39! அந்தச் சந்தோசம் அதிக நேரம் நிற்கவில்லை. இரண்டாம் இன்னிங்ஸில் நம்மவர்கள் 93க்குச் சுருண்டு, ஆட்டத்தைக் கையளித்தார்கள்.

மொத்தம் ஆறே டெஸ்ட், 28 விக்கெட், சராசரி 21.92. பாண்டிருப்புக் கடற்கரையில் பந்து போடும் பிள்ளைகளுக்கெல்லாம் முரளியைத் தெரியும்; முரளியின் சராசரி 22.72. (இருபத்தெட்டையும் எண்ணூறையும் ஒரே தராசில் வைக்கக் கூடாதுதான். ஆனாலும் சொல்லாமல் இருக்க மனமில்லை.)

அந்த ஆறாவது டெஸ்டுக்கு வருவோம். 1984 ஆகஸ்ட் 23, லண்டன் லோர்ட்ஸ் மைதானம். இங்கிலாந்து மண்ணில் இலங்கையின் முதல் டெஸ்ட். கறுப்பு ஜூலை நடந்து பதின்மூன்று மாதம். நாணயச் சுழற்சியில் வென்ற டேவிட் கவர் இலங்கையைத் துடுப்பெடுத்தாட விட்டார். சிதத் வெத்தமுனி பத்து மணி நேரத்துக்கு மேல் நின்று 190 அடித்த ஆட்டம் அது. அதன் நடுவே, தமிழருக்கு நடந்த கொடுமையைச் சொல்ல, பதாகைகளுடன் தமிழர்கள் சிலர் மைதானத்துக்குள் ஓடிவந்தார்கள். ஆட்டம் நின்றது.

அவர்கள் எதிர்த்த அரசின் கொடியைத் தாங்கிய அணியில், பந்துவீசத் தன் முறைக்காகக் காத்திருந்தவர்களில் ஒருவர் வினோதன் ஜோன். வயது 24. அதற்குப் பிறகு அவர் டெஸ்ட் ஆடவே இல்லை.

அலன் லாம்ப் சதமடித்த இங்கிலாந்துக்கு எதிராக அந்தக் கடைசிப் பந்துகளை அவர் எப்படி வீசினார்?

அடுத்த வாரம்.