ஹாலே: மூலம் தொலைந்த கடிதங்கள்

நத்தார் விடுமுறைக்குச் சுவிஸிலிருந்து எங்கள் ஆட்கள் போகும் இடங்களுக்கு ஒரு வழமை உண்டு. ஒரு வருடம் பாரிஸில் சித்தி வீடு, லா ஷப்பெலில் உடுப்பு, மரக்கறி. அடுத்த வருடம் லண்டனில் மாமா வீடு. கடந்த மார்கழியில் மகள் இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. "சொந்தக்காரர் ஒருத்தரும் இல்லாத ஊராப் பார்த்துப் போவம் அப்பா" என்றாள். அவள் பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கிறாள். அந்தச் சாட்டில் நான் பல வருடமாக மனதில் வைத்திருந்த ஊரின் பெயரைச் சொன்னேன்: ஹாலே. மனைவி தேசப்படத்தை நீண்ட நேரம் பார்த்துவிட்டு, "அங்க என்ன இருக்கு?" என்று கேட்டாள். எங்கட பழைய கடதாசியள் கொஞ்சம் இருக்கு என்றேன்.

ஹாலே முன்னாள் கிழக்கு ஜேர்மனியில் இருக்கிறது. அந்த நாட்டை நான் ஒருமுறை கடந்திருக்கிறேன். 1985 தை மாதம், மொஸ்கோ வழியாகக் கிழக்கு பெர்லினில் விமானத்தால் இறங்கி, ரயிலேறி மேற்குக்கு வந்த பலரில் நானும் ஒருவன். அன்று அந்த நாட்டில் நான் கண்டதெல்லாம் நீண்ட நடைபாதைகளும் சீருடைகளும்தான். இம்முறை பகல் முழுக்க ரயிலில் போய் இறங்கியபோது, ஒருவரும் கடவுச்சீட்டைக் கேட்கவில்லை என்பதே எனக்குக் கொஞ்சம் அந்தரமாக இருந்தது.

உப்பால் வளர்ந்த நகரம் அது. ஆனையிறவில் கடல்நீர் வெயிலில் காய்ந்து உப்பானதைப் பார்த்து வளர்ந்தவன் நான். இவர்களுக்கு அந்த வெயில் இல்லை. நிலத்தடியிலிருந்து உவர்நீரை இறைத்து, நெருப்பில் காய்ச்சியிருக்கிறார்கள். சந்தைச் சதுக்கத்தில் ஹாண்டலின் சிலை நிற்கிறது. அந்த இசைமேதை 1685இல் பிறந்தது இங்கேதான். சிலையைச் சுற்றி நத்தார்ச் சந்தைக் கடைகள். பக்கத்துத் தேவாலயத்தில் மார்ட்டின் லூதர் இறந்தபின் அவர் முகத்தில் எடுத்த அச்சு இருக்கிறது. இவையெல்லாம் எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் உள்ளவை. நாங்கள் போனது வேறு வளவுக்கு.

1695இல் ஆகுஸ்ட் ஹெர்மன் பிராங்கே என்ற பாதிரியார், உண்டியலில் விழுந்த 4 தாலர் 16 குரோஷன் காசை முதலாக வைத்து, ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். 1698இல் அநாதைகளுக்கான பெரிய கட்டடத்துக்கு அத்திவாரம் போட்டார். பிறகு அச்சகம், மருந்துச்சாலை, நூலகம் என்று வளர்ந்து, அது ஒரு சிறு நகரமாகவே ஆகிவிட்டது. நாங்கள் முதலில் போனது ஒரு திங்கட்கிழமை. நூதனசாலை பூட்டு. மனைவி ஒன்றும் சொல்லவில்லை, என்னைப் பார்த்த பார்வை போதும். செவ்வாய்க்கிழமை திரும்பப் போனோம்.

பிரதான கட்டடத்தின் மேல்மாடியில், கூரைக்குக் கீழே, பதினெட்டாம் நூற்றாண்டில் அடுக்கிய விதத்திலேயே ஒரு விநோதப் பொருட் கூடம் இருக்கிறது. கூரையிலிருந்து ஒரு முதலை தொங்குகிறது. ஓர் அலுமாரி முழுக்கத் தரங்கம்பாடியிலிருந்து போனவை. அதில் "மலபாரிக்கா" என்று எழுதியிருந்தது.

"மலபார் எண்டா கேரளா இல்லையோ அப்பா?"

அந்தக் காலத்து ஐரோப்பியர் தமிழரை மலபாரிகள் என்றும் தமிழை மலபார் மொழி என்றும் எழுதினார்கள் என்று விளக்கினேன். யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தர் எங்களை அழைத்ததும் அப்படித்தான்.

இந்த வளவில் பிராங்கேயிடம் படித்தவர்தான் பார்த்தலோமேயு சீகன்பால்க். டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக் அனுப்ப, 1706 ஜூலை 9ஆம் திகதி புளூட்சௌ என்ற இன்னொருவருடன் தரங்கம்பாடியில் இறங்கினார். அப்போது வயது 23. ஒரு வயதான வாத்தியாரைத் தன் வீட்டிலேயே பள்ளிக்கூடம் நடத்தச் சொல்லி, சின்னப் பிள்ளைகளோடு தானும் இருந்து மணலில் அ, ஆ எழுதிப் பழகினார். இரண்டு வருடத்தில், தான் சேர்த்த நூற்றுக்கு மேற்பட்ட தமிழ் நூல்களைக் குறிப்புகளோடு பட்டியலிட்டுவிட்டார். உலகநீதி, கொன்றைவேந்தன், நீதிவெண்பா மூன்றையும் ஜேர்மனில் மொழிபெயர்த்தார்.

தமிழ் தெரியாத இந்த ஹாலேயில், அங்கிருந்து வந்த மாதிரிகளைப் பார்த்துத் தமிழ் எழுத்துகள் வார்த்து 1713இல் அனுப்பினார்கள். எழுத்துகள் மிகப் பெரிதாகப் போய்விட்டன, கடதாசி கட்டுப்படியாகவில்லை. பிறகு தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்து வார்த்தார்கள். சீஸ் அடைத்து வந்த ஈயத்தை உருக்கித்தான் அந்த வேலை நடந்தது என்பர். 1715இல் தமிழில் புதிய ஏற்பாடு முழுதாக அச்சேறியது. சீகன்பால்க் எழுதிய தமிழ் இலக்கணம், இலத்தீன் மொழியில், 1716இல் ஹாலேயில் அச்சானது. அவருடைய அந்த ஐரோப்பியப் பயணத்தில் மலையப்பன் என்ற தமிழ் இளைஞன் ஒருவனும் கூட வந்தான். என்னுடைய முதல் மாசி மாதம் எனக்குத் தெரியும். அவனுடையதை நினைத்துப் பார்த்தேன்.

நான் சைவன். இந்த மனிதரைப் பற்றி எனக்கு இரண்டு மனம்தான். எங்கள் சமயத்தை இல்லாமல் செய்யவே அவர் வந்தார், அதை அவர் மறைக்கவும் இல்லை. ஆனால் எங்கள் தெய்வங்களைப் பற்றி 1713இல் ஒரு பெரிய நூலை எழுதி இங்கே அனுப்பியபோது, பிராங்கே அதை அச்சிட மறுத்துவிட்டார். அஞ்ஞானத்தை ஒழிக்க அனுப்பிய ஆள், அதை ஐரோப்பாவில் பரப்புவதா என்பது அவருடைய எண்ணம். 1867இல்தான், அதுவும் சென்னையில், அந்த நூல் அச்சேறியது. ஒழிக்க வந்தவர் எழுதி வைத்தார், அனுப்பியவர் பூட்டி வைத்தார்.

ஆனால் நான் தேடிப் போனது கடிதங்களை. 1712க்கும் 1714க்கும் இடையில் சீகன்பால்க்கும் அவருடைய துணைவர் கிரூண்ட்லரும் தமிழர்களுக்குக் கேள்விகள் எழுதி அனுப்பினார்கள். உங்கள் தெய்வங்கள், கல்வி, வைத்தியம், கலியாணம் எப்படி? எங்கள் வேதத்தை நீங்கள் ஏன் ஏற்பதில்லை? வந்த பதில்களை ஜேர்மனில் மொழிபெயர்த்து, அடியில் தங்கள் மறுப்புகளையும் சேர்த்து ஹாலேக்கு அனுப்பினார்கள். 99 கடிதங்கள் இங்கே அச்சாகின. பெரும்பாலானவற்றை அழகப்பன் என்ற ஒரே மொழிபெயர்ப்பாளரே எழுதியிருக்கலாம் என்று கருதும் ஆய்வாளர்களும் உண்டு. எழுதியவர் ஒருவரோ பலரோ, தமிழ் மூலங்கள் தொலைந்துவிட்டன. முந்நூறு வருடத்துக்கு முன் தமிழர் தங்கள் வாழ்வைப் பற்றி எழுதியது ஜேர்மனில் மட்டுமே இருக்கிறது.

அந்தப் பழைய பதிப்பு இணையத்தில் படமாகக் கிடைக்கிறது. நான் பலமுறை திறந்து மூடியிருக்கிறேன். முதலாவது, அந்தக் காலத்து ஜேர்மன் அச்செழுத்து எனக்குப் பிடிபடாது. இரண்டாவது, என்னுடைய ஜேர்மன் தொழிற்சாலையிலும் காரியாலய வரிசைகளிலும் கற்றது. அது வாடகைப் பத்திரத்துக்குப் போதும், இதற்குப் போதாது.

மகளுக்கு இரண்டும் வரும். அவளுடைய தமிழைப் பற்றி நான் சொல்லாத குறை இல்லை. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியை ஏழாம் வகுப்போடு விட்டவள். ஒரு வருடம் அதற்காகவே நான் அவளோடு சரியாகக் கதைக்கவில்லை. அன்று இரவு விடுதி அறையில், வெளியே ஈரப்பனி கொட்ட, நான் அவளிடம், "வாசி பிள்ளை" என்றேன்.

வாசித்தாள். முதலில் ஜேர்மனில், பிறகு தன்னுடைய தமிழில். சொல் கிடைக்காத இடத்தில் என்னைப் பார்ப்பாள். ஜேர்மன் சொல்லுக்குப் பொருளை அவள் விளக்க, அதற்குத் தமிழ் நான் சொல்ல வேண்டும். எழுதியவர் பயப்படுகிற ஆளே இல்லை. கிறிஸ்தவர்கள் குடிக்கிறார்கள், மாடு தின்கிறார்கள், கழுவிக் குளித்துச் சுத்தமாக இருப்பதில்லை, இவர்களைப் பார்த்து எப்படி அந்த வேதத்தை நல்லது என்பது என்று கேட்கிறார். எந்தச் சமயத்தவரானாலும் நல்லது செய்தால் கரையேறலாம் என்கிறார்.

"அப்பம்மா கதைக்கிற மாதிரியே இருக்கு" என்று மகள் சிரித்தாள். உண்மைதான். என் அம்மா கேட்டிருந்தால், அடிக்குறிப்பில் இருந்த மறுப்புக்கும் ஒரு மறுப்புச் சொல்லியிருப்பா.

விடுதிக் குறிப்புத்தாளில் ஒரு பகுதியைத் தமிழில் எழுதிப் பார்ப்போம் என்று தொடங்கினோம். மூன்றாவது வரியில் நின்றுவிட்டோம். பாதிரிமாரை அவர் எப்படி விளித்திருப்பார்? தாங்கள் என்றா, நீங்கள் என்றா, நீர் என்றா? ஜேர்மனில் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான் நின்றது. மரியாதையோடு எழுதினாரா, சமமாக நின்று எழுதினாரா என்பது அந்த ஒரு சொல்லில் இருந்திருக்கும். அவள் 'நீங்கள்' என்று எழுதினாள். அரச மனிதருக்கு எழுதுவதால் 'தாங்கள்' என்றுதான் இருக்கும் என்று நான் வாதாடினேன்.

நித்திரை என்று நாங்கள் நினைத்த மனைவி, போர்வைக்குள்ளிருந்து, "அந்த மனிசன் கோவத்தில எல்லே எழுதியிருக்கு. 'நீர்' எண்டுதான் எழுதியிருக்கும்" என்றாள்.

மகள் 'நீங்கள்' என்பதை வெட்டினாள். பேனையைத் தூக்கிப் பிடித்தபடி கேட்டாள்: "சின்ன 'ர'வோ, பெரிய 'ற'வோ?"