தோட்டாவுக்கேற்ற துப்பாக்கி: தம்தம் முதல் கான்பூர் வரை

உரிமம் பெற்ற இந்தியக் குடிமக்களுக்காக அரசுத் தொழிற்சாலைகள் செய்துவரும் கைத்துப்பாக்கிகளுள் நன்கு அறியப்பட்டது கான்பூரின் .32 ரிவால்வர். இதன் வடிவத்துக்கு மூலம் பிரிட்டனின் வெப்லி நான்காம் வகை ரிவால்வர் ஆகும். அந்த மூலமோ .38 அங்குலத் தோட்டாவுக்கென வார்க்கப்பட்டது. பெரிய தோட்டாவுக்காக அமைந்த உடலில் சிறிய தோட்டா குடியேறியது ஏன்? பொறியியல் இவ்வினாவுக்குப் பாதி விடையே தருகிறது. மறுபாதி பேரரசின் போர்களிலும் அதன் சட்டங்களிலும் கிடக்கிறது.

முதலில் பொறியியல். துப்பாக்கியில் பின்னிழுக்கப்பட்டுப் பாய்ந்து அடிக்கும் உறுப்பைக் 'குதிரை' என்பது தமிழின் பழைய வழக்கு. இந்தியிலும் குதிரையைக் குறிக்கும் 'கோடா' என்ற சொல்லே துப்பாக்கியின் உறுப்புக்கும் வழங்குகிறது. விசையை அழுத்தியதும் குதிரை விடுபட்டுத் தோட்டாவின் அடியிலுள்ள தீமூட்டியைத் தாக்குகிறது. உள்ளிருக்கும் மருந்து எரிந்து, எழும் வாயு குண்டை முன்னே தள்ளுகிறது. ஆகவே எத்தகைய துப்பாக்கி வேண்டும் என்பதைத் தோட்டாவே பெரிதும் வரையறுத்துவிடுகிறது. அடியில் விளிம்பு புடைத்த தோட்டா ரிவால்வரின் சுழல் உருளைக்குப் பொருந்தும். அந்த விளிம்பைப் பற்றித்தான் வெற்றுக்கூடுகள் வெளியேற்றப்படுகின்றன. விளிம்பு புடைக்காத தோட்டா பெட்டியில் அடுக்கித் தானாக ஏறும் பிஸ்டலுக்கு உகந்தது. வெப்லி போல நடுவில் கீல் வைத்து மடியும் சட்டகம் மிகுந்த அழுத்தத்தைத் தாங்காது. அதற்கு மென்மையான தோட்டாவே பொருத்தம்.

அப்படியானால் தோட்டாவைத் தேர்ந்தவர் யார்? வரலாற்றின் வினா இங்கேதான் தொடங்குகிறது.

பிரிட்டிஷ் படை 1887இல் வெப்லி ரிவால்வரை ஏற்றது. அதன் .455 தோட்டா ஏறத்தாழ 17 கிராம் எடையுள்ள ஈயக் குண்டை நொடிக்கு 200 மீட்டருக்கும் குறைவான வேகத்தில் செலுத்தியது. மெதுவாகச் செல்லும் கனத்த குண்டு, பாய்ந்துவரும் எதிரியை அருகிலேயே வீழ்த்தும் என்பது அக்கால நம்பிக்கை. அந்நம்பிக்கைக்குப் பின்னே காலனியப் போர்களின் அனுபவமும், காலனிய மனிதரின் உடல் குறித்த ஒரு கற்பிதமும் இருந்தன. 1895ஆம் ஆண்டின் சித்ரால் படையெடுப்புக்குப் பின், புதிய .303 ரைபிள் குண்டு எதிரியைத் துளைத்துச் சென்றாலும் அவரைத் தடுத்து நிறுத்தவில்லை என்று அதிகாரிகள் முறையிட்டனர். கல்கத்தாவை அடுத்த தம்தம் படைக்கலச் சாலையின் பொறுப்பாளர் பெர்ட்டி-க்ளே, முனையில் ஈயம் வெளித்தெரியும் குண்டை உருவாக்கினார். உடலுள் புகுந்ததும் அது விரிந்தது. கைத்துப்பாக்கியிலும் இதே சிந்தனை தொடர்ந்தது: முனை குழிந்த .455 குண்டு ஒன்று அப்பத்தாண்டின் இறுதியில் வழக்குக்கு வந்தது.

தம்தம் என்ற ஊருக்குத் தோட்டாவோடு அதற்கு முன்பே உறவுண்டு. கொழுப்புத் தடவிய தோட்டாக்கள் பற்றிய பேச்சு 1857 ஜனவரியில் சிப்பாய்களிடையே பரவத் தொடங்கியது அங்கேதான். மேடான பீரங்கி அரணைக் குறிக்கும் 'தம்தமா' என்ற சொல்லிலிருந்து அவ்வூர்ப்பெயர் வந்தது என்பர். பின்னர் அந்தப் பெயரே, விரியும் குண்டைக் குறிக்கும் பொதுச்சொல்லாக உலக மொழிகள் பலவற்றில் நுழைந்தது. வங்கத்துச் சிற்றூர் ஒன்றின் பெயர் ஒரு கொடுங்காயத்தின் பெயராயிற்று.

1899ஆம் ஆண்டு ஹேக் மாநாடு, உடலுள் விரியும் குண்டுகளைத் தடைசெய்யும் பிரகடனத்தை வெளியிட்டது. பிரிட்டன் அதை எதிர்த்தது. 'நாகரிக' நாட்டுப் படைவீரன் காயம்பட்டதும் பின்வாங்குவான், மற்றவர்கள் அவ்வாறல்லர் என்பது அதன் பிரதிநிதி ஜான் ஆர்டாவின் வாதத்தின் சாரம். 1907இல்தான் பிரிட்டன் பிரகடனத்தை ஏற்றது. அப்போதும் அப்பிரகடனம், ஏற்றுக்கொண்ட அரசுகளுக்கு இடையே நிகழும் போர்களை மட்டுமே கட்டுப்படுத்தியது. எல்லைப்புறப் பழங்குடிகள் அதன் பாதுகாப்புக்குள் வரவில்லை.

முதல் உலகப் போருக்குப் பின் அளவுகோல் மாறியது. ஒரு கிலோவுக்கும் மேல் எடையுள்ள வெப்லியைக் குறுகிய காலப் பயிற்சி பெற்ற வீரர் கையாள்வது கடினம் என்பது தெளிவாயிற்று. ஆகவே முதலில் தோட்டா சிறிதாக்கப்பட்டது: 13 கிராம் குண்டு கொண்ட .38 தோட்டா. துப்பாக்கி அதைப் பின்தொடர்ந்தது: 1930களின் தொடக்கத்தில் ஏற்கப்பட்ட என்ஃபீல்டு ரிவால்வரின் எடை முக்கால் கிலோ அளவே. மேலுறையற்ற ஈயக் குண்டு ஹேக் விதியை மீறுவதாகக் கொள்ளப்படலாம் என்ற ஐயத்தால், சில ஆண்டுகளில் உலோக உறையிட்ட குண்டு அதன் இடத்தைப் பெற்றது. டாங்கிக்குள் இருப்போரின் ரிவால்வரில் குதிரையின் நீட்சி எதிலாவது சிக்கிக்கொண்டதால், 1938இல் அந்நீட்சியே நீக்கப்பட்டது. இவ்வாறு வீரனின் கையும் சட்டமும் வாகனத்தின் இடுக்கும் ஆளுக்கொரு பங்கைச் செதுக்கிய பின்னரே ஓர் ஆயுதம் இறுதி வடிவம் பெற்றது.

இந்தியாவில் இன்னொரு கை செதுக்கியது. 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இந்தியருக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கி, ஐரோப்பியருக்கு விலக்களித்தது. படையின் தோட்டா மக்களிடம் சேர்ந்துவிடக் கூடாது என்ற அச்சம் அதன்பின் அளவுகளையே தடைசெய்யும் வரை சென்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் .450 தோட்டாக்கள் இந்தியாவுக்குள் வருவது தடுக்கப்பட்டதும், ஆங்கிலத் துப்பாக்கி வணிகர்கள் பெருவேட்டைக்காக .470 போன்ற புதிய தோட்டாக்களை உருவாக்கினர். ஓர் அரசாணை ஒரு தோட்டாவை ஒழித்தது, மற்றொன்றைப் பிறப்பித்தது.

விடுதலைக்குப் பின் வந்த 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இன அடிப்படையிலான விலக்கை அகற்றியது. ஆனால் படைக்கும் குடிமகனுக்கும் இடையிலான கோட்டை அது அழிக்கவில்லை. 9 மி.மீ., .38, .455 போன்ற கைத்துப்பாக்கி அளவுகள் 'தடைசெய்யப்பட்ட துளை' என்ற வகைக்குள் அடங்கின. படைக்காக இச்சாப்பூர் ரைபிள் தொழிற்சாலை, பிரௌனிங் ஹை-பவரைத் தழுவி 9 மி.மீ. பிஸ்டலைச் செய்தது. அதுவும் குதிரை கொண்டதே. குடிமகனுக்கோ .32 ரிவால்வர். அதன் தோட்டா 1890களில் அமெரிக்காவில் பிறந்தது. ஆறு கிராமுக்குச் சற்றே மேற்பட்ட குண்டைக் கொண்டது. 9 மி.மீ. தோட்டாவின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே அதற்குண்டு. விளிம்பும் குறைந்த அழுத்தமும் கொண்ட அத்தோட்டா, கீல் வைத்து மடியும் வெப்லிச் சட்டகத்தில் இயல்பாகவே பொருந்தியது. தொடக்கத்தில் கேட்ட வினாவுக்கு விடை இதுவே: சட்டகத்தைப் பேரரசு விட்டுச் சென்றது, தோட்டாவைச் சட்டம் தேர்ந்தது.

2014இல் கான்பூர் தொழிற்சாலை, 'நிர்பீக்' என்ற பெயரில் அரைக்கிலோ எடையுள்ள .32 ரிவால்வரைப் பெண்களுக்கானது என அறிமுகப்படுத்தியது. 2012ஆம் ஆண்டு தில்லிக் கொடுமைக்குப் பின் எழுந்த சீற்றத்தின் நிழலில் வந்த ஆயுதம் அது. விலை ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல். அச்சத்தோடு பேருந்து ஏறும் பெண்களில் எத்தனை பேருக்கு அவ்விலை எட்டும், எத்தனை பேருக்கு உரிமம் கிட்டும் என்ற கேள்வி அன்றே எழுந்தது. எடை குறைந்தது; தோட்டா மாறவில்லை.

ஒரு தோட்டாவுக்கு ஏற்ற துப்பாக்கி எது என்று கேட்பது கைவினைஞரின் கேள்வி. அந்தத் தோட்டா யாருடைய உடலை மனத்தில் கொண்டு தேரப்பட்டது, யாருடைய கைக்கு மறுக்கப்பட்டது என்று கேட்பது வரலாற்று மாணவரின் கடமை. அருங்காட்சியகங்களில் வெப்லியும் என்ஃபீல்டும் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கின்றன. பெயர்ப்பலகையில் ஆண்டும் அளவும் மட்டும் எழுதப்பட்டிருக்கின்றன. அளவைக் குறிக்கும் அந்த எண்ணிலிருந்துதான் வாசிப்பைத் தொடங்க வேண்டும்.