புக்கிட் தீமா தொடருந்து நிலையம்

புக்கிட் தீமா தொடருந்து நிலையம் என்பது சிங்கப்பூரில் உள்ள, சேவை நிறுத்தப்பட்ட ஒரு தொடருந்து நிலையம் ஆகும். 1932 முதல் 2011 வரை இயங்கிய இந்நிலையம், 2022இல் மரபுக் காட்சியகமாகப் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

வரலாறு

சிங்கப்பூரின் முதல் தொடருந்துப் பாதை 1903இல் திறக்கப்பட்டது. அப்பாதைக்கு மாற்றாகப் புதிய வழித்தடமும் தஞ்சோங் பகார் முனையமும் 1932இல் பயன்பாட்டுக்கு வந்தன. சிறு நகர நிலையங்களின் அமைப்பில் செங்கல்லால் கட்டப்பட்ட தற்போதைய கட்டடம் அவ்வாண்டைச் சேர்ந்தது. 1933இல் அருகில் திறக்கப்பட்ட புக்கிட் தீமா குதிரைப் பந்தயத் திடலுக்கான குதிரைகள் இந்நிலையத்தில் இறக்கப்பட்டன.

டோக்கன் முறை

ஒற்றைப் பாதையில் எதிரெதிரே வரும் தொடருந்துகள் ஒன்றையொன்று கடக்க இங்கு இணைத்தடம் இருந்தது. அடுத்த நிலையம் வரையிலான பகுதிக்குள் நுழைய ஓட்டுநரிடம் ஒரு டோக்கன் இருத்தல் வேண்டும். ஒரு பகுதிக்கு ஒரே நேரத்தில் ஒரு டோக்கன் மட்டுமே வெளியே எடுக்க இயலும் என்பதால் மோதல் தவிர்க்கப்பட்டது. ஊழியர் வளையத்தில் மாட்டிய டோக்கனை நகரும் வண்டியின் ஓட்டுநரிடம் கைமாற்றும் இம்முறை 2011 வரை இங்கு நீடித்தது.

மூடல்

1965இல் சிங்கப்பூர் தனி நாடான பின்னரும் இப்பாதையும் நிலமும் மலேசியத் தொடருந்து நிறுவனத்தின் வசமே இருந்தன. 1990இல் செய்யப்பட்ட உடன்பாட்டை நடைமுறைப்படுத்துவது குறித்து இரு நாடுகளும் 2010இல் இணக்கம் கண்டன. 2011 சூன் 30 அன்று சேவை முடிவுற்றது. அன்றிரவு தஞ்சோங் பகாரிலிருந்து புறப்பட்ட கடைசித் தொடருந்தைச் சொகூர் சுல்தான் இப்ராகிம் ஓட்டிச் சென்றார்.

பாதுகாப்பு

நிலப் பற்றாக்குறை மிகுந்த சிங்கப்பூரில் இந்நிலம் கட்டுமானத்திற்குச் செல்லக்கூடும் என்ற நிலையில், ஏறத்தாழ 24 கி.மீ. நீளமான வழித்தடத்தைத் தொடர்ச்சியான பசுமைப் பாதையாக விட்டுவைக்குமாறு சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் 2010இல் முன்மொழிந்தது. 2011இல் நிலையக் கட்டடம் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவிக்கப்பட்டது. வழித்தடத்தின் பெரும்பகுதியில் தண்டவாளங்கள் அகற்றப்பட்டு மலேசியாவிடம் ஒப்படைக்கப்பட்டன. எனினும் நிலையத்தின் முன்னும் இரும்புப் பாலங்களிலும் அவை விட்டுவைக்கப்பட்டன. இதனால் கட்டடத்தை அதன் பழைய பயன்பாட்டோடு இணைத்துப் புரிந்துகொள்ள முடிகிறது.

தற்போதைய பயன்பாடு

சீரமைப்புக்குப் பின் 2022 சூலையில் நிலையம் மீண்டும் திறக்கப்பட்டது. நிலையக் கட்டடத்தில் தொடருந்து வரலாற்றுக் காட்சியகம் உள்ளது. முன்னாள் ஊழியர் குடியிருப்பு சிற்றுண்டிச்சாலையாக மாற்றப்பட்டுள்ளது. பசுமைப் பாதையில் நடப்போருக்கும் மிதிவண்டி ஓட்டுவோருக்கும் இது இளைப்பாறும் இடமாகவும் விளங்குகிறது.