அட்டைக்குள் ஒளிந்த கேக்

விருந்துச் சாப்பாடு கிடையாது, இனிப்பு மட்டும்தான் என்று ஒரு திருமண வரவேற்பைத் திட்டமிட்டால் இன்று அதைப் புதுமை என்பார்கள். கொஞ்சம் வாய்த்துடுக்கு உள்ளவர்கள் கஞ்சத்தனம் என்பார்கள். இரண்டாம் உலகப் போர்க்காலப் பிரிட்டனில் தேநீரும் ஒரு கேக்கும் வைத்து வரவேற்பை முடித்த வீடுகள் உண்டு. முடிந்தது அவ்வளவுதான். அந்த ஒரு கேக்குக்காக எத்தனை பெண்கள் கணக்குப் போட்டார்கள் என்பதைப் போர் வரலாறுகளில் தேடிப் பார்க்க வேண்டும்.

1940 ஜனவரி 8 அன்று அங்கே சர்க்கரைக்குப் பங்கீடு வந்தது. முதலில் ஆளுக்கு வாரம் 12 அவுன்ஸ். சில மாதங்களிலேயே அது 8 அவுன்ஸாக, அதாவது சுமார் 225 கிராமாகக் குறைந்தது. கேக்குக்கு அரைக் கிலோ சர்க்கரை வேண்டுமென்றால் ஒருவர் இரண்டு வாரத்துக்கு மேல் சர்க்கரையைத் தொடாமல் இருக்க வேண்டும். அப்படி இருந்தவர்கள் யார்? அம்மா, பாட்டி, சித்தி, பக்கத்து வீட்டுக்காரி. பங்கீட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றவர்களும் பெரும்பாலும் அவர்களே. உலர்திராட்சை போதாதபோது கொடிமுந்திரியை நறுக்கிப் போட்டார்கள். இனிப்புக்குக் கேரட்டைத் துருவினார்கள். முட்டை வாரம் ஒன்று கிடைப்பதே பெரிது. பின்னாளில் அமெரிக்காவிலிருந்து வந்த முட்டைப் பொடி கைகொடுத்தது. கேக் கறுப்பாகத் தெரியவேண்டுமே என்று குழம்புக்கு நிறமேற்றும் திரவத்தைக்கூடச் சிலர் மாவில் ஊற்றினார்கள். விடுப்பு கிடைத்த இரண்டு நாளில் மாப்பிள்ளை வந்து தாலி கட்டாத குறையாகத் திருமணம் முடித்துத் திரும்புவான். சேமிப்பு மட்டும் மாதக்கணக்கில் நடந்திருக்கும்.

1940 ஆகஸ்டில் கேக்கின் மேல் சர்க்கரைப் பூச்சு பூசி விற்பதையும் அரசு தடை செய்தது. ரொட்டிக்கடைக்காரர்கள் ஒரு வழி கண்டார்கள். மூன்றடுக்குக் கேக் போலவே அட்டையிலோ சாந்திலோ வெள்ளைக் கூடு செய்து வாடகைக்கு விட்டார்கள். படம் எடுக்கும்வரை கூடு மேசையில் நிற்கும். அதைத் தூக்கினால் உள்ளே கையகலக் கேக்.

வயிற்றுக்குப் போகாத அந்த வெள்ளைக்கு ஏன் இவ்வளவு பாடு? 1840 பிப்ரவரியில் விக்டோரியா ராணியின் திருமணத்துக்குச் சுமார் 300 பவுண்டு எடையில் வெண்பூச்சுக் கேக் செய்தார்கள். நன்றாகச் சுத்திகரித்த சர்க்கரை விலை கூடியது. வெள்ளை என்றால் வசதி. அதையே பிறகு மணப்பெண்ணின் தூய்மை என்று வாசித்தார்கள். கரீபியக் கரும்புத் தோட்டங்களில் அடிமைமுறையின் மிச்சமான 'பயிற்சித் தொழிலாளர்' ஏற்பாடு ஒழிந்து அப்போது இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. 1791க்குப் பிறகு அடிமைச் சர்க்கரை வேண்டாம் என்று பிரிட்டனில் எத்தனையோ வீடுகள் அதை ஒதுக்கின. அந்தப் புறக்கணிப்பை அடுக்களையில் நடத்திக் காட்டியவர்கள் பெண்கள். வாக்குரிமை இல்லாதவர்களுக்குச் சர்க்கரை டப்பாவாவது கையில் இருந்தது.

போர் முடிந்தும் பங்கீடு முடியவில்லை. 1947 நவம்பர் 20 அன்று இளவரசி எலிசபெத்தின் திருமணத்தில் ஒன்பது அடி உயரக் கேக் நின்றது. அதற்கான பொருள்களை ஆஸ்திரேலியாவின் சாரணச் சிறுமிகள் அனுப்பியிருந்தார்கள். இளவரசியும் உடைக்குப் பங்கீட்டுக் கூப்பன் கொடுத்தார் என்று மகிழ்ந்து எழுதுகிறவர்கள், அவருக்குக் கூடுதல் கூப்பன்கள் வழங்கப்பட்டதை எழுத மறந்துவிடுகிறார்கள். அவர் கேக்குக்கு அட்டைக்கூடு தேவைப்படவில்லை.

சர்க்கரைப் பங்கீடு ஒழிந்தது 1953 செப்டம்பரில். வாடகைக் கூட்டின் பக்கத்தில் நின்று 1940இல் படம் எடுத்துக்கொண்டவளின் மூத்த பிள்ளைக்கு அப்போது பன்னிரண்டு வயது ஆகியிருக்கும்.