இலங்கை றைபிள் படையணியின் கலைப்பும் கண்டி மலாயரின் வாழ்தொழிலும்: ஒரு சமூகவியல் நோக்கு

படைகளின் வரலாறு பொதுவாகப் போர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. படை கலைக்கப்பட்டதும் வரலாற்றாசிரியரின் பேனாவும் ஓய்ந்துவிடுகின்றது. ஆயின் சமூக வரலாற்றை நோக்குவோர்க்கு முக்கியமான வினா அதன் பின்னரே எழுகின்றது. துவக்கை ஒப்படைத்துவிட்டு வெளியே வரும் மனிதன் எதைக்கொண்டு பிழைப்பான்? அவனுக்கு ஏற்ற தொழில் இதுவென்று தீர்மானிப்பவர் யார்? இவ்வினாக்களை, 1873ஆம் ஆண்டிலே கலைக்கப்பட்ட இலங்கை றைபிள் படையணியையும், அதிற் பெரும்பான்மையினராயிருந்த மலாயரையும் கொண்டு, கண்டிப் பிரதேசத்தின் பின்னணியில் இங்கு ஆராய முற்படுகின்றோம்.

மலாயர் எனப் பொதுப்பெயரிட்டு வழங்கப்படுவோரின் மூதாதையர் ஒரே இடத்திலிருந்து வந்தவரல்லர். ஒல்லாந்தர் தமது கிழக்கிந்தியத் தீவுகளிலிருந்து கொணர்ந்த படைவீரரும், நாடுகடத்தப்பட்ட பிரபுக்களும், கைதிகளும், அடிமைகளும் அவர்களுள் அடங்குவர். 1796இல் கரையோரப் பகுதிகளைக் கைப்பற்றிய பிரித்தானியர், ஒல்லாந்தரிடம் சேவை புரிந்த மலாய் வீரரைத் தமது படையிலே சேர்த்துக்கொண்டனர். பல பெயர்மாற்றங்களின் பின்னர் 1827இல் அப்படை இலங்கை றைபிள் படையணி என்னும் பெயரைப் பெற்றது.

இவர்களைப் பற்றிக் குடியேற்றவாத எழுத்துக்கள் ஓயாது கூறிவந்த கருத்தொன்றுண்டு. மலாயர் பிறவியிலேயே போர்க்குணம் படைத்தோர், எசமான விசுவாசம் அவர்தம் இரத்தத்தில் ஊறியது என்பதே அது. வரலாறு இதனை ஆதரிப்பதாயில்லை. 1803இல் கண்டியில் பிரித்தானியப் படை அழிவுற்றபோது, மலாயர் இரு தரப்பிலும் நின்றனர். மேஜர் டேவியின் கீழ் ஒரு பகுதியினர் இருக்க, கண்டி மன்னனின் சேவையில் வேறொரு பகுதியினர் இருந்தனர். விசுவாசம் இரத்தத்தில் ஊறியதாயின் அது எந்த எசமானுக்கு உரியது என்ற வினா எழும். எவர் சோறும் சம்பளமும் தந்தனரோ அவரிடம் சேவகம் செய்யும் கூலிப்படை உறவே இங்கு காணப்படுவது. அடிமைகளினதும் நாடுகடத்தப்பட்டோரினதும் வழிவந்தவர்களைக் கொண்டே 1848இல் மாத்தளை விவசாயிகளின் கிளர்ச்சி அடக்கப்பட்டது என்பதும் மனங்கொளத்தக்கது.

ஒரே படையினின்று வெளியேறியோர்க்கு ஒரே எதிர்காலம் காத்திருக்கவில்லை. இங்கு வர்க்க வேறுபாடு துலக்கமாகத் தெரிகின்றது. 1820களிலே கம்பளைக்கு அருகிலுள்ள சின்னபிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பித்தோட்டம் தொடங்கியபோது, அவருக்குத் துணைநின்றவர் படைத்துறை வழங்கற் பகுதி அதிகாரியான சகோதரர் ஹென்றி பேர்ட். வாட்டலூ போரிற் பங்குகொண்ட ஆளுநர் எட்வேட் பார்ண்ஸ் பேராதனைக்கு அருகே கன்னொறுவையிலே தாமே கோப்பி பயிரிட்டார். 1833 முதல் 1844 வரை முடிக்குரிய காணியின் ஆகக்குறைந்த விலை ஏக்கருக்கு ஐந்து சிலிங்காயிருந்தது. 1840ஆம் ஆண்டின் தரிசுநிலச் சட்டம் கண்டி விவசாயியின் சேனைக் காட்டை முடிக்குரியதாக்கியது. இவ்வாறு எளிதாக்கப்பட்ட காணிகளை வாங்கியோருள் குடியியல் அதிகாரிகளும் படையதிகாரிகளும் கணிசமானோர். ஐரோப்பிய அதிகாரிக்குப் படைச்சேவை நிலவுடைமைக்கு ஏணியாயிற்று. சாதாரண மலாய்ச் சிப்பாய்க்கோ அவ்வேணியின் முதற்படிதானும் எட்டவில்லை.

கோப்பிப் பொருளாதாரம் வளர்ந்தபோது படையிற் சேர்வோர் தொகை குறையலாயிற்று என்பது இவ்வாய்வில் மிக முக்கியமானது. தோட்டங்களும் நகரங்களும் சிப்பாயின் சம்பளத்திலும் மேலான ஊதியம் தரத் தொடங்கியதும், படைவீரரின் மைந்தரே தந்தையரின் தொழிலைத் தவிர்த்தனர். மலாய்த் தீபகற்பத்துக்கும் அதனை அடுத்த தீவுகளுக்கும் ஆட்சேர்ப்புக் குழுக்கள் அனுப்பப்பட்டும் மிகச் சிலரே கிடைத்தனர். வேறு தொழில் கிடைத்தவிடத்து மலாய் இளைஞன் படையை விட்டு விலகினான் என்பது, பிறவிப் போர்க்குணம் என்ற கட்டுக்கதையைத் தகர்க்கப் போதுமானது. ஆட்பற்றாக்குறையுடன் செலவுச் சிக்கனமும் சேர்ந்தது. 1867இல் கண்டிக்குப் புகையிரதம் வந்தபின்னர் மலைநாட்டில் பெரும் படையை நிலையாக வைத்திருக்கும் தேவையும் தளர்ந்தது. இறுதியில் 1873இல், ஆளுநர் கிரெகரியின் காலத்திலே, படையணி கலைக்கப்பட்டது.

கலைப்பு என்பது வேலையிழப்பு மட்டுமன்று. படைவீரர் குடும்பங்கள் முகாம்களிலேயே வாழ்ந்தமையால், வேலையோடு உறைவிடமும் அயலும் ஒருங்கே கைநழுவின. அக்காலமும் பாதகமானதாயிற்று. 1869இல் இனங்காணப்பட்ட இலைநோய் அடுத்த பதினைந்து ஆண்டுகளுள் கோப்பித் தொழிலை அழித்தது. லூல்கந்துறையில் 1867இல் ஜேம்ஸ் ரெயிலர் தொடங்கிய தேயிலைப் பயிர்ச்செய்கை அதன் இடத்தை நிரப்பச் சில காலம் பிடித்தது. மாற்றுத் தொழில்கள் சுருங்கிய இவ்வேளையிலே முன்னாட் சிப்பாய்க்குத் திறந்திருந்த வாயில்கள் எவை? பொலிஸ், சிறைச்சாலை, தீயணைப்புப் படை, தோட்டங்களிலே காவலும் மேற்பார்வையும் ஆகியனவே. 1866இலிருந்து பொலிஸ் படை ஜோர்ஜ் கம்பெலின் கீழ் ஒழுங்கமைக்கப்பட்டு வந்தது. 1876இல் கண்டியிற் போகம்பறைச் சிறைச்சாலை எழுந்தது. விரிவடைந்து வந்த அடக்குமுறை நிறுவனங்களும், வேலை தேடிய பயிற்றப்பட்ட மனிதரும் ஒருவரையொருவர் கண்டுகொண்டனர்.

இத்தொழில்களின் பொதுப்பண்பு கவனிக்கத்தக்கது. சிப்பாயிடமிருந்த பல்வேறு திறன்களுள் அரசும் தோட்டத்துரையும் விலைகொடுத்து வாங்கியது ஒன்றையே: கட்டளைக்குக் கீழ்ப்படிதலும், பிறரைக் கீழ்ப்படியச் செய்தலும். தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளியின்மீது மேற்பார்வையாளனாக முன்னாட் சிப்பாய் நிறுத்தப்பட்டபோது, சுரண்டப்படும் இரு பிரிவினர் எதிரெதிரே நிறுத்தப்பட்டனர். அவனைக் குறைகூறுவதாற் பயனில்லை. பசித்தவன் கிடைத்த வேலையை ஏற்றான். அவ்வேலையைத் தவிர வேறெதற்கும் அவன் தகுதியற்றவன் என்ற கருத்தே கண்டிக்கப்படவேண்டியது.

அவன் தகுதியற்றவனா? இலக்கிய மாணவராகிய நாம் இதற்குச் சான்று கூறக் கடமைப்பட்டுள்ளோம். முகாம்களிலே சிப்பாய்கள் அறபெழுத்தாலான ஜாவி வரிவடிவத்தில் ஹிக்காயத்துக்களையும் சயிர்களையும் படியெடுத்தனர், இயற்றினர், கூடியிருந்து வாசித்தனர். 1869இல் பாபா யூனுஸ் சல்தீன் கொழும்பிலே ‘அலாமத் லங்காபுரி’ என்னும் மலாய்ப் பத்திரிகையைக் கல்லச்சில் வெளியிட்டார். தமிழ், சிங்கள மொழிகளோடு கொண்ட ஊடாட்டத்தால் இலங்கை மலாய்மொழியின் இலக்கணமே உருமாறி, வினை வாக்கியத்தின் இறுதியில் நிற்கலாயிற்று. பன்மொழியறிவும் எழுத்தறிவும் வாய்ந்த இச்சமூகத்தை வெறும் காவலாளர் கூட்டமாகவே குடியேற்ற அரசு கண்டது. பீ. ஏ. ஹுசைன்மியாவின் ‘ஓராங் ரெஜிமென்’ (1990) இவ்வறிவுலகை வெளிக்கொணர்ந்த முன்னோடி ஆய்வாகும். முகாம் சிதறியதும் அவ்விலக்கியத்தின் வாசகர் வட்டமும் சிதறத் தொடங்கியது. சல்தீன் போன்றோரின் முயற்சிகள் 1890களிலும் தொடர்ந்தனவாயினும், இருபதாம் நூற்றாண்டில் ஜாவி எழுத்தறிவு அருகிப்போயிற்று.

இவ்வரலாறு பழங்கதையன்று. 2023 ஜனவரியில் இலங்கை அரசு, 200,783 பேர் கொண்ட அனுமதிக்கப்பட்ட இராணுவத் தொகையை 2030ஆம் ஆண்டளவில் 100,000 ஆகக் குறைக்கப்போவதாக அறிவித்தது. கண்டிக் கிராமங்களிலிருந்து வறுமை காரணமாகப் படைக்குச் சென்றோர் வெளியே வரும்போது, வங்கி வாயிலிலும் ஆடைத்தொழிற்சாலைப் படலையிலும் பாதுகாப்பு ஊழியராய் நிற்பதே அவர்க்கு இயல்பான தொழிலென இன்றும் கருதப்படுகின்றது. ரஷ்ய–உக்ரேன் போரிலே கூலிக்குப் போரிடச் சென்ற இலங்கையின் முன்னாட் படையினர் மாண்ட செய்தி 2024இல் நாட்டை உலுக்கியது. மறுபுறத்தில், 2009இன் பின்னர் புனர்வாழ்வு முகாம்களிலிருந்து வெளியேறிய ஏறத்தாழ 12,000 முன்னாட் போராளிகளும், ஐயப்பார்வையின் நடுவே, இதே வினாவை எதிர்கொண்டனர். எதிரெதிரே நின்று போரிட்டோர் தொழில் தேடும் தெருவில் ஒரே வர்க்கத்தவராய் நிற்கின்றனர்.

படைவிட்டு வருவோர்க்கு வழிகாட்ட விரும்புவோர் 1873இலிருந்து கற்கவேண்டியது யாது? ஒழுக்கமும் கீழ்ப்படிவுமே உனது தகுதி என்று கூறும் அறிவுரை, அவனுக்கன்றி அவனை அமர்த்துவோர்க்கே நன்மை பயப்பது. வாகனம் திருத்துதல், கட்டட வேலை, மருத்துவ உதவி, தொலைத்தொடர்பு, கணக்குவைப்பு என அவன் படையிலே கற்றவை பல. அவற்றுக்குப் பொதுத்துறையும் தொழிற்பயிற்சி நிறுவனங்களும் ஏற்கும் சான்றிதழ் வேண்டும். இடைக்காலத்தில் குடும்பம் பட்டினி கிடக்காதிருக்க ஊதியம் வேண்டும். உறைவிடம் வேண்டும். தொழிற்சங்கத்திற் சேரும் உரிமை அவன் அறிந்ததாதல் வேண்டும். இவை தனிமனித முயற்சியால் மட்டும் கைகூடுவன அல்ல. அரசிடம் கேட்டுப் பெறவேண்டியவை. மலாய்ச் சிப்பாய்க்கு அவ்வாறு கேட்க அமைப்பேதும் இருக்கவில்லை. இன்று அக்கோரிக்கையைத் தமிழ், சிங்கள, முஸ்லிம், மலாய் உழைப்பாளர் ஒன்றிணைந்து எழுப்புவதற்கு வேண்டிய அமைப்பைக் கட்டுவது முற்போக்குச் சக்திகளின் பொறுப்பாகும்.