14-ஆவது சுற்றில் கிடைத்தவர்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். விளையாட்டு பிடிக்காதவர்களும் படிக்கலாம், வரலாற்று வாத்தியார் எதைத் தொட்டாலும் கடைசியில் வரலாற்றில்தான் போய் நிற்பான்.

ஓய்வுக்குப் பிறகு எனக்கு அமெரிக்கக் கால்பந்து பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. பேரன் ஒட்டவைத்தது. அந்த ஆட்டத்தில் பந்தை எறிந்து அணியை நடத்துபவர் குவார்ட்டர்பேக். அவர் எறிவதற்குள் பாய்ந்துபோய் அவரைத் தரையில் சாய்ப்பவர் பாஸ் ரஷ்ஷர். சாய்த்துவிட்டால் அதற்குப் பெயர் 'சாக்'. இந்த வேலைக்குத் தகுந்த ஆள் கிடைப்பது அபூர்வம். ஆகவே ஆண்டுதோறும் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் 'டிராஃப்ட்'டில் முதல் சுற்றிலேயே இவர்களை அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். (டிராஃப்ட் ஏலமல்ல. அணிகள் வரிசையாக ஆளுக்கு ஒருவரை எடுத்துக்கொள்ளும். போன பருவத்தில் கடைசியில் நின்ற அணிக்கு முதல் வாய்ப்பு.)

அப்படியும் மிகப் பெரிய பாஸ் ரஷ்ஷர்களில் சிலர் கடைசிச் சுற்றுகளில் வந்தவர்கள். அதிர்ஷ்டம் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. யார் எங்கே போய்த் தேடினார்கள், எங்கே போகவே இல்லை என்று பாருங்கள்.

டீக்கன் ஜோன்ஸை எடுத்துக்கொள்வோம். ஃப்ளோரிடாவில் ஈட்டன்வில் என்ற கறுப்பின மக்களின் ஊரில் 1938-இல் பிறந்தவர். எழுத்தாளர் சோரா நீல் ஹர்ஸ்டன் வளர்ந்த அதே ஊர். கறுப்பின மாணவர்களுக்கான தென் கரோலினா ஸ்டேட் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். சிவில் உரிமைப் போராட்டத்தில் கலந்துகொண்டார் என்று தெரிந்ததும் உதவித்தொகையைப் பறித்துவிட்டார்கள். அங்கிருந்து மிசிசிப்பியில் ஒரு சிறிய தொழிற்கல்லூரிக்குப் போனார். வெளியூர் ஆட்டங்களுக்குப் போனால் விடுதிகளில் இடம் தரமாட்டார்கள். எதிரணிக் கல்லூரியின் உடற்பயிற்சிக் கூடத்தில் கட்டில் போட்டுப் படுத்திருக்கிறார்கள்.

இவரைத் தேடி யாரும் வரவில்லை. லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணியின் ஆட்கள் வேறொருவரை, எதிரணியில் பந்தை எடுத்துக்கொண்டு ஓடும் வீரர் ஒருவரை, எடைபோடத்தான் ஒரு படச்சுருளைப் போட்டுப் பார்த்தார்கள். அதில் தற்காப்பு வரிசையில் நின்ற பெரிய உடம்புக்காரர் ஒருவர் அந்த ஓட்டக்காரர்களையே துரத்தி முந்திக்கொண்டிருந்தார். 1961 டிராஃப்டில் 14-ஆவது சுற்றில், 186-ஆவது ஆளாக, அவரை எடுத்தார்கள். குவார்ட்டர்பேக்கைச் சாய்ப்பதற்கு 'சாக்' என்று பெயர் வைத்தவரே இவர்தான். ஆங்கிலத்தில் ஒரு நகரத்தைச் சூறையாடுவதற்கு அந்தச் சொல் உண்டு, அங்கிருந்து எடுத்தது.

பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியின் கதை வேறு. பில் நன் என்பவர் 'பிட்ஸ்பர்க் கூரியர்' என்ற கறுப்பின மக்களின் பத்திரிகையில் விளையாட்டு ஆசிரியர். கறுப்பினக் கல்லூரிகளின் ஆட்டங்களை ஆண்டுக்கணக்கில் நேரில் பார்த்து, அவற்றின் சிறந்த வீரர் பட்டியலை எழுதிவந்தவர். அவரை 1960-களின் இறுதியில் ஸ்டீலர்ஸ் வேலைக்கு எடுத்துக்கொண்டது. என் கணக்கில் அந்த அணி செய்த ஆகச் சிறந்த தேர்வு அதுதான், அது டிராஃப்டிலேயே நடக்கவில்லை! 1969-இல் ஆர்கன்சாவின் ஒரு கறுப்பினக் கல்லூரியிலிருந்து எல்.சி. கிரீன்வுட் 10-ஆவது சுற்றில் வந்தார். 1971-இல் டுவைட் வைட் 4-ஆவது சுற்று, எர்னி ஹோம்ஸ் 8-ஆவது சுற்று. 'எஃகுத் திரை' என்று பேர்பெற்ற அந்த நால்வர் வரிசையில் முதல் சுற்றில் வந்தவர் ஜோ கிரீன் ஒருவரே.

1983-இல் சிகாகோ பேர்ஸ் 8-ஆவது சுற்றில் எடுத்த ரிச்சர்ட் டென்ட்டும் கறுப்பினக் கல்லூரி மாணவர், டென்னசி ஸ்டேட். ஆள் ஒல்லி என்று ஒதுக்கியிருந்தார்கள். ஒல்லிக்குக் காரணம் பல்! பல் கெட்டிருந்ததால் ஒழுங்காகச் சாப்பிட முடியவில்லை. அணி பல் வைத்தியம் பார்த்தது, உடம்பு தேறியது. 1986 ஜனவரியில் நடந்த சூப்பர் பௌலில் ஆட்ட நாயகன் அவர்தான். முப்பது வருடம் வகுப்பில் நின்றவன் என்பதால் இந்தப் பல் விஷயத்தை என்னால் சாதாரணமாகக் கடந்துபோக முடியவில்லை. கடைசி பெஞ்சில் தூங்கி விழுகிற பையனிடம் காலையில் சாப்பிட்டாயா என்று கேட்ட ஆசிரியர்களுக்குப் புரியும்.

அதற்குள் தெற்கின் பெரிய பல்கலைக்கழகங்கள் கறுப்பின வீரர்களுக்குக் கதவு திறந்துவிட்டன. அதன்பின் தடையாக நின்றது பெரும்பாலும் அளவுநாடா. 1990-இல் ஜான் ராண்டிலை எந்த அணியும் எடுக்கவில்லை, உடம்பு போதாதாம். மினசோட்டா வைக்கிங்ஸில் எடை பார்த்த அன்று உடைக்குள் சங்கிலியை மறைத்து வைத்துக்கொண்டு நின்றாராம். 137.5 சாக்குகள் எடுத்து ஓய்வுபெற்றார். டென்ட்டின் கணக்கும் சரியாக அதுவே.

முதல் சுற்றுக்காரர்கள் எல்லாம் வீண் என்று சொல்ல வரவில்லை. 1985-இல் முதல் ஆளாக எடுக்கப்பட்ட புரூஸ் ஸ்மித் 200 சாக்குகளோடு இன்றும் பட்டியலில் முதலிடம். ஆனால் அதே டிராஃப்டின் 5-ஆவது சுற்றில் வந்த கெவின் கிரீன் 160 எடுத்து மூன்றாமிடத்தில் இருக்கிறார். அவர் ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் உதவித்தொகைகூட இல்லாமல் தானாகப் போய் அணியில் சேர்ந்தவர்.

'திறமை இருந்தால் எப்படியும் வெளியே வரும்' என்று இவர்களைக் காட்டிச் சொல்கிறவர்கள் உண்டு. அந்தப் படச்சுருளை அன்று போடாமல் விட்டிருந்தால்? போடாமல் விட்ட சுருள்கள் எத்தனையோ!

இன்னொன்று. சாக் கணக்கை லீக் அதிகாரபூர்வமாக எழுத ஆரம்பித்தது 1982-இல். ஜோன்ஸ் ஓய்வுபெற்றது 1974-இல். பழைய ஆட்டக் குறிப்புகளை வைத்து ஆய்வாளர்கள் எண்ணி 173.5 என்கிறார்கள், அதிகாரபூர்வப் பட்டியலில் பெயர் வைத்தவருக்கே இடமில்லை. 2013-இல் அவர் காலமானார். அந்தப் பருவம் முதல், அதிக சாக் எடுப்பவருக்கு அவர் பெயரில் விருது தருகிறார்கள். முதலில் வாங்கியவர் 19.5 சாக்குகள் எடுத்த ராபர்ட் மாத்திஸ். அலபாமா ஏ அண்ட் எம் என்ற கறுப்பினக் கல்லூரியில் படித்தவர், 2003-இல் 5-ஆவது சுற்றில் வந்தவர்.